பத்தடி தள்ளி நின்றவன் உதைத்த உதை

வலது குதிகாலுக்கு நாலு விரல் மேலே யாரோ பின்னாலிருந்து ஓங்கி உதைத்தார்கள். 'டப்' என்று ஒரு சத்தமும் கேட்டது. வலியைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. ஒற்றைக் காலில் நின்றபடி திரும்பினேன்.

"இன்னாடா, பந்த வுட்டுட்டு ஆள ஒதைக்கிற?"

நான் கேட்டது மூன்றாம் மாடி இசக்கிமுத்துவை. திருநெல்வேலிக்காரர், கணினி நிறுவனத்தில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகாதவர். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"அண்ணே, நான் பத்தடி தள்ளில்லா நிக்கேன். பந்து அங்கன கெடக்கு பாருங்க."

பந்து காவலாளியின் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. என் பின்னால் ஒருவரும் இல்லை. அதைப் பார்த்து முடித்த பிறகுதான் விழுந்தேன்.

அக்கிலிஸ் தசைநாண் (கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இழுத்துக் கட்டியிருக்கும் தடித்த நாண்) அறுந்துபோகிறவர்களில் பலர் இப்படித்தான் திரும்பிப் பார்த்து யாரையாவது திட்டுவார்களாம். பின்னால் மருத்துவர் சொன்னார். இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படி நேர்ந்து, பக்கத்தில் நின்ற ஓர் அப்பாவியை நீங்கள் திட்டியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். மன்னிப்பு மட்டும் கேட்டுவிடுங்கள். நான் மூன்று வாரம் கழித்துக் கேட்டேன்.

மேனாம்பேட்டில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் ஒரு காலிமனை இருக்கிறது. சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் அங்கே கால்பந்துப் போட்டி. நான் விழுந்ததும் இரண்டு அணிகளும் கைதட்டின. பால்கனிகளிலிருந்தும் தட்டினார்கள். ஒருவர் விசில்கூட அடித்தார்.

அவர்கள்மேல் தப்பில்லை. காரணம் என் தொழில்.

நான் வெளிநாட்டில் ஆடிய கால்பந்து வீரன். மாலத்தீவில் மூன்று பருவங்கள், ஓமானில் ஒன்று. அடுக்ககத்துக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும் 'பாரின்ல ஆடுனவரு' என்றுதான் என்னை அறிமுகம் செய்வார்கள். அங்கே என்ன ஆடினேன் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் என் நண்பன் முனுசாமி பழைய காணொளிகளை எல்லோருக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டான்.

மாலத்தீவில் எங்கள் பயிற்சியாளர் ஓர் ஐரோப்பியர், சிரிக்காத மனிதர். முதல் வாரப் பயிற்சியில் யாரோ லேசாக உரசியதில் நான் விழுந்தேன். அவர் என்னைத் தனியே அழைத்து, "ஓட்டத்தில் நீ சுமார். விழுவதில் உனக்கு எதிர்காலம் இருக்கிறது" என்றார். அன்றிலிருந்து அதுதான் என் வேலை. எங்கள் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தால் எண்பதாவது நிமிடத்தில் என்னை இறக்குவார்கள். நான் விழுவேன். நேரம் ஓடும்.

சும்மா விழுந்தால் போதாது. விழுந்த உடனே கத்தக் கூடாது, ஒரு நொடி மௌனமாக இருந்துவிட்டுத்தான் கத்த வேண்டும். உள்ளங்கையால் தரையை அடிக்க வேண்டும், ஆனால் நாலாவது முறை அடித்தால் நடுவருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒரு விழுகைக்கு ஒன்றரை நிமிடம் என்பது என் கணக்கு. ஸ்ட்ரெச்சர் தூக்குகிற இருவரும் என்னைப் பார்த்ததும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். நாலு வருடத்தில் நான் அடித்த கோல் மூன்று. அதில் ஒன்று எங்கள் அணியின் வலையிலேயே.

நான் பிறந்து வளர்ந்த கள்ளிக்குப்பத்தில் என் பெயர் பாஸ்கர் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. பிலிம் என்றால்தான் தெரியும்.

அன்றைய போட்டிக்கு நடுவர் முனுசாமி. சிறுவயதில் எங்கள் தெரு அணிக்குக் கோல்கீப்பர், இப்போது அம்பத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறான். விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தான்.

"மாமே, பிலிம் காட்டாத, எய்ந்திரு. இது மாலத்தீவு இல்ல, மேனாம்பேடு."

"முனி, நெசமாவே அறுந்துடுச்சுடா."

"அதுக்குத்தான் கைதட்டுறாங்கோ. சும்மா சொல்லக் கூடாது, ஒரு செகண்டு கேப்பு வுட்டு வுயுந்த பாரு, அங்கதான் நீ நிக்கிற."

சட்டைப்பையில் கைவிட்டு மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினான். அவனுடைய மச்சினி மகளின் மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ் அது. நடித்து ஏமாற்றியதற்கான எச்சரிக்கை என்று சத்தமாக அறிவித்துவிட்டு, அட்டையை என் மார்பின்மேல் வைத்தான். மறுபடி கைதட்டினார்கள்.

என் மனைவி கலா இரண்டாம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் கைதட்டவில்லை. தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்து என் வாயில் வைத்தாள். நான் இரண்டு மிடறு குடித்துவிட்டு, "தண்ணி ரொம்ப நல்லா கீது கலா" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "தண்ணியப் போயி பாராட்டுறாரு. முனி, ஆட்டோவ எடு" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஐந்து வாரம் கழித்துத்தான் விளங்கியது.

மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். கட்டிலின் விளிம்புக்கு வெளியே பாதங்கள் தொங்கின. இடது கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினார், இடது பாதம் கீழ்நோக்கி அசைந்தது. வலதை அமுக்கினார், பாதம் அசையவில்லை. மறுபடி அமுக்கினார். நானும் அசைத்துக் காட்டத்தான் பார்த்தேன். அது யாருடைய பாதமோ போல் தொங்கியது. என் வாழ்க்கையில் நடிக்க இடமே இல்லாத முதல் சோதனை அதுதான்.

"நாண் முழுசா அறுந்திருக்கு. ஆபரேஷன் பண்ணித் தைக்கணும்" என்றார் மருத்துவர். "விளையாடுற காலத்துல குதிகால்ல ஊசி ஏதும் போட்டீங்களா?"

"ஒண்ணு ரெண்டு போட்டிருப்பேன் சார்."

கலா என்னைப் பார்த்தாள்.

"அஞ்சு" என்றேன்.

அவை ஸ்டீராய்டு ஊசிகள் (வீக்கத்தையும் வலியையும் அமுக்கும் மருந்து). அந்த இடத்தில் அடிக்கடி போட்டால் நாண் பலவீனப்படக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். ஓமானில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று தெரியாமல் இருந்த மாதங்களில் போட்டுக்கொண்டவை. அணி மருத்துவர் ஒவ்வொரு முறையும் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார். வலியே இல்லை என்பேன். வலி இருக்கிறது என்று சொன்னால் என் இடத்தில் வேறு ஆள் இறங்கிவிடுவான், அப்புறம் பெஞ்சுதான். நடுவரிடம் இல்லாத வலியை இருக்கிறது என்றும், மருத்துவரிடம் இருக்கிற வலியை இல்லை என்றும் சொல்லியே நாலு வருடம் பிழைத்தவன் நான். இதை வேடிக்கையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அறுவைசிகிச்சை நடந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். நினைவு இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ, "இவரு வீடியோ பாத்திருக்கீங்களா?" என்று கேட்டதும், இன்னொருவர் சிரித்ததும் காதில் விழுந்தன. ஒரு கலைஞன் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து வரிவரியாகப் படித்துக் காட்டினார். கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம், சூடு எது வந்தாலும் அன்றைக்கே வர வேண்டும் என்பது நாலாவது வரி. புரிந்தது என்று கையெழுத்துப் போட்டேன். நீங்களும் போடுவீர்கள். தயவுசெய்து நாலாவது வரியைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

முனுசாமி ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தான். மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தான், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பதுபோல.

"மாமே, அந்த எல்லோ கார்ட வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. ஆனால் அட்டை கலாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள். தேவைப்படும் என்றாள்.

நான் ஆவடியில் ஒரு தனியார் பள்ளியில் கால்பந்துப் பயிற்சியாளர். ஜூனில் பள்ளி திறக்கும். திறக்கிற அன்று நான் மைதானத்தில் நிற்காவிட்டால் என் இடத்தில் வேறு ஒருவரைப் போட்டுவிடுவார்கள் என்பது என் பயம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. யாரும் சொல்லத் தேவையும் இல்லை, இருபது வருடமாக அந்தப் பயத்தோடுதான் எழுந்திருக்கிறேன். பள்ளி முதல்வரை அழைத்து, "சின்ன சுளுக்கு சார், ஜூன்ல ஓடிடுவேன்" என்று சொல்லிவைத்தேன். வேலை போனால் இந்த வயதில், இந்தக் காலோடு எவன் என்னை எடுப்பான்? அந்த ஒரு நினைப்புதான் மே மாதம் முழுக்க என்னை ஓட்டியது.

இரண்டு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்து, கனத்த பிளாஸ்டிக் பூட்ஸ் ஒன்றை மாட்டினார்கள். நாலாவது வாரம் பிசியோதெரபி (உடற்பயிற்சி மூலம் தசைகளை மீட்கும் சிகிச்சை) ஆரம்பமானது. சிகிச்சை தந்தவர் ஜெனிபர் என்ற பெண். சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தார். பூஜ்யத்துக்குச் சிரிக்கும் முகம், பத்துக்கு அழும் முகம்.

"வலி எவ்ளோண்ணா? பத்துக்குச் சொல்லுங்க."

முதல் நாள் பாதத்தை மெதுவாக மடக்கியபோது பழக்கதோஷத்தில் உள்ளங்கையால் கட்டிலை மூன்று முறை அடித்தேன். பக்கத்துக் கட்டிலில் தோள்பட்டைக்கு வந்திருந்த அம்மாள் பயந்து எழுந்துவிட்டார். ஜெனிபர் பதறிப்போய்க் கையை எடுத்தார். "எட்டாண்ணா? ஒம்பதா?" என்றார். யோசித்துப் பார்த்தால் மூன்றுகூட இல்லை.

மறுநாள் ஜெனிபர் ஒரு துண்டோடு வந்தார். அதை என் முகத்தின்மேல் போட்டார்.

"நம்பர் மட்டும் சொல்லுங்கண்ணா. மூஞ்சி வேணாம்."

முகம் இல்லாமல், கையும் தட்டாமல், இருட்டில் படுத்துக்கொண்டு என் காலைப் பற்றி நானே யோசித்து ஓர் எண்ணைச் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. எதுவும் தோன்றவில்லை. யார் கேட்கிறார்கள், நடுவரா மருத்துவரா என்று தெரிந்தால்தானே எண் தோன்றும்?

ஐந்தாவது வாரம் நடுவில் கெண்டைக்காலில் ஒரு வலி ஆரம்பித்தது. தையல் போட்ட இடத்தில் இல்லை, அதற்கு மேலே, சதைக்குள்ளே. குரக்குவலி வந்து போகாமல் அங்கேயே தங்கிவிட்டதுபோல் இருந்தது. பூட்ஸ் இறுக்கமாகத் தோன்றியது. பட்டையைத் தளர்த்திக்கொண்டேன். ஜெனிபர் கேட்டார், துண்டுக்கு அடியிலிருந்து "ரெண்டு" என்றேன். மறுநாளும் இரண்டு. உண்மையில் ஏழு. ஏழு என்று சொன்னால் பயிற்சியை நிறுத்துவார்கள், நிறுத்தினால் ஜூன் போய்விடும். நாலாவது வரி நினைவுக்கு வந்தது. அது மற்ற நோயாளிகளுக்காக எழுதப்பட்டது என்று வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம். கலா சாப்பாடு போட்டாள். பீன்ஸ் பொரியல் அடிபிடித்துவிட்டது. அவள் தரையில் உட்கார்ந்து எனக்கு எதிரே தட்டை வைக்கும்போதே, "தீஞ்சி போச்சு, ஒதுக்கிடு" என்று சொல்லித்தான் வைத்தாள்.

நான் ஒரு வாய் எடுத்து, "பொரியல் பிரமாதமா கீது" என்றேன்.

கலா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்லயே. பொரியல் நல்லா கீதுன்னா அதுகூடத் தப்பா?"

"ஓமான்ல காலு வெரலு ஒடைஞ்சப்ப இன்னா பண்ண? போன் பண்ணி, ஆறு மாசத்துக்கு முன்ன நான் வெச்ச வத்தக்கொழம்பப் பாராட்டுன. பல்லு புடுங்குன அன்னிக்கி ரசத்தப் பாராட்டுன. அன்னிக்கி கிரவுண்டுல பச்சத் தண்ணியப் பாராட்டுன. கல்யாணம் ஆயி பதினேழு வருசத்துல வலி இல்லாதப்ப ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் ஆக்குனத நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா?"

யோசித்தேன். சொன்னதில்லை.

கலா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் தரப் பரிசோதகர். தைத்து முடித்த கால்சட்டைகள் அவள் மேசைக்கு வரும். இரண்டு கால்களும் ஒரே அளவா என்று டேப் வைத்துப் பார்ப்பாள். அந்த இஞ்ச் டேப் எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். எழுந்துபோய் எடுத்து வந்தாள்.

என் பூட்ஸைக் கழற்றி, இரண்டு கால்களையும் நீட்டச் சொன்னாள். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, இடது கெண்டையைச் சுற்றினாள். முப்பத்தாறு சென்டிமீட்டர். அதே இடத்தில் வலதைச் சுற்றினாள். நாற்பது. டேப்பை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினாள். நாற்பதேதான். தோல் பளபளவென்று இழுபட்டு, தொட்டால் சுட்டது.

"அஞ்சு வாரமா சும்மா கெடக்குற காலு சூம்பிப்போவணும். இது எப்படி பெருசாச்சு?" என்றாள். டேப்பில் நாற்பதின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். "எங்க கம்பெனியில அரை சென்டி வந்தாலே திருப்பி அனுப்பிடுவேன்யா."

முனுசாமியின் ஆட்டோவில் போனோம். வழியில் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணி, மூஞ்சப் பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி கீதே."

"அதான் பயமா இருக்குது. நீ பாத்து ஓட்டு."

டாப்ளர் ஸ்கேன் (சிரைகளுக்குள் இரத்தம் ஓடுவதை ஒலி அலை மூலம் பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். ஸ்கேன் செய்த பெண் முதலில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார், பிறகு நிறுத்திவிட்டார். ஆழ்சிரை இரத்த உறைவு (காலின் உட்புறச் சிரையில் இரத்தம் கட்டியாகிப்போவது). அறுவைசிகிச்சைக்குப் பின் கால் அசையாமல் கிடந்தால் சிலருக்கு வரக்கூடியது.

மருத்துவர் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். "இந்தக் கட்டி பிச்சிக்கிட்டு மேல போயிருந்தா நுரையீரல அடைச்சிருக்கும். அப்புறம் நாங்க ஒண்ணும் பண்ண முடியாமக்கூடப் போயிருக்கலாம். எத்தன நாளா வலி?"

"நாலு நாளா."

"பிசியோகிட்ட சொன்னீங்களா?"

"ரெண்டுன்னு சொன்னேன் சார்."

"நிஜத்துல?"

கலா பக்கத்தில் இருந்தாள். "ஏழு" என்றேன்.

இத்தனை வருடத்தில் நான் மைதானத்தில் எத்தனையோ முறை செத்துப் பிழைத்துக் காட்டியிருக்கிறேன். உண்மையாகவே செத்துப்போயிருந்தால் வீட்டில் பொரியலைப் பாராட்டிக்கொண்டே போயிருப்பேன். நான் பயந்தேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

கலா தாழ்வாரத்துக்குப் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். சக்கர நாற்காலியில் என்னை அந்தப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டினாள்.

"நீ வுயுந்து பொரளும்போதெல்லாம் ஊரே சிரிக்கும். நானும் சிரிப்பேன். நீ கம்முனு இருக்கும்போதுதான்யா எனக்கு பயமா இருக்கும். இனிமே வலிச்சா வாயத் தொறந்து சொல்லு. எனக்கு டேப்பு வெச்சிப் பாத்துகினே இருக்க முடியாது."

ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தேன். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியை வயிற்றில் போட்டார்கள், பிறகு மாத்திரை, அதுவும் மூன்று மாதத்துக்கு. அதுவரை கீழே விழக் கூடாது, அடிபடக் கூடாது, உள்ளுக்குள் இரத்தம் கசியும் என்றார் மருத்துவர். 'கீழே விழக் கூடாது' என்பதை என்னைப் பார்த்து இரண்டு முறை சொன்னார். வேறு யாரிடமும் இரண்டு முறை சொல்லியிருக்க மாட்டார்.

ஜூன் போயேபோய்விட்டது. நாலாம் நாள் காலை, கட்டிலில் சாய்ந்தபடி பள்ளி முதல்வரை அழைத்தேன். கலா டேப்பை எடுக்கவில்லை, ஆனால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுளுக்கு இல்லை, நாண் அறுந்தது, அறுவைசிகிச்சை, இரத்தக்கட்டி, ஓட ஒரு வருடம் ஆகலாம், பழையபடி ஓட முடியாமலே போகலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு வாங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உங்கள யாரு சார் ஓடச் சொன்னது?" என்றார் முதல்வர். "ஆறு வருசமா பாக்குறேன், நீங்க ஓடி நான் பாத்ததே இல்லயே. ஒரு நாற்காலி போட்டுத் தரேன். உக்காந்து விசில் ஊதுங்க. உடம்பப் பாத்துக்கிட்டு ஜூலையில வாங்க."

இதற்காகத்தான் நான் உயிரைப் பணயம் வைத்திருக்கிறேன். கலா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். அந்த அறையில் இருந்த நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூலையில் போனேன். நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் நாள் ஒரு மாணவன் யாரும் தொடாமலேயே விழுந்து புரண்டான். நல்ல திறமை, மௌன இடைவெளிகூடச் சரியாக விட்டான். நான் விசில் ஊதவில்லை. நாற்காலியிலிருந்து ஊன்றுகோலோடு எழுந்து அவனிடம் நடந்து போனேன். அதற்குள் அவனே எழுந்து நின்றுவிட்டான். நான் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆயிற்று.

ஜெனிபரிடம் ஏழு மாதம் போனேன். துண்டு மூன்றாம் மாதம்வரை தேவைப்பட்டது. முதலில் நான் சொன்ன எண்களை அவர் நம்பவில்லை, நானும்தான். ஒரு நாள் குதிகாலைத் தூக்கும் பயிற்சியில், "நாலு... இல்ல, நாலரை" என்றேன். "அரையெல்லாம் வந்துடுச்சா?" என்று சிரித்துவிட்டுத் துண்டை எடுத்துவிட்டார்.

இந்தக் காயத்தோடு புதிதாக இறங்கியிருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய அறிவுரை எதுவும் இல்லை. நாண் ஒட்டும். நீங்கள் நினைக்கும் வேகத்தில் ஒட்டாது. உங்களிடம் எண் கேட்பவர்கள் உங்களை ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்புவதற்காகக் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் உங்கள் பொய் யாருக்குத் தெரியும் என்று கண்டுபிடித்து, அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு வருடம் ஆகிவிட்டது. காலையில் கண் விழித்தவுடன் என்னால் எழுந்துவிட முடிவதில்லை. வலது கணுக்கால் என்னைவிடத் தாமதமாகத்தான் விழிக்கிறது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டு, அது தயாராவதற்காகக் காத்திருக்கிறேன். அதற்கும் ஒன்றரை நிமிடம்தான் ஆகிறது. முன்பெல்லாம் அந்த ஒன்றரை நிமிடத்தை இன்னொரு அணியிடமிருந்து திருடினேன், மைதானமே கடிகாரத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டது. இப்போது யாரும் கூச்சல் போடுவதில்லை. சமையலறையிலிருந்து கலா "எவ்ளோ?" என்று கேட்பாள். நான் எண்ணைச் சொல்வேன். பெரும்பாலும் இரண்டு, மழை நாளில் மூன்று.

போன ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் சாம்பார். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். இரண்டாவது வாய்க்குப் பிறகு பொறுக்க முடியவில்லை.

"கலா, சாம்பார் நல்லா கீது."

கரண்டியைக் கீழே வைத்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு டேப்பை எடுத்து வந்து, என் காலைத் தன் மடியில் இழுத்து வைத்துச் சுற்றினாள்.

"வலது ஒண்ணரை சென்டி கம்மி."

"அது அப்படியேதான் இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரே."

"வலி?"

"ரெண்டு."

என் முகத்தைப் பார்த்தாள். கெண்டையை விரலால் அமுக்கிப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சாம்பாரு?"

"ஒம்பது."

டேப்பை மெதுவாகச் சுருட்டினாள். காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

"பத்துக்கு இன்னா கொறச்சல்?"

"உப்பு" என்றேன்.